பாதிக்கு உரியவள்

விதவையருக்கும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் அளிப்பதற்கான கட்டளைச்சட்டம் ஒன்று இலங்கையில் 1898ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அரசாங்க சேவையில் நிரந்தரப் பதவி வகித்த ஆடவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் அதற்கெனச் செலுத்தி வருவர். அவர் மறைந்தபின் அவருடைய மனைவிக்கு மாதந்தோறும் பணம் வந்துசேரும். நுவரெலியாக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர் காலமானால் அவர் மனைவி பிரிவுத் துயரைச் சுமப்பாள். அடுத்த மாதத்து அரிசிக்கு வழி என்ன என்னும் அச்சத்தையும் அதனோடு சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. அதே ஊரின் மலைச்சரிவில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவன் காலமானால், அவன் மனைவிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவன் அரசாங்க ஊழியன் அல்லன் என்பது அதற்குரிய விடை. விடை பிழையன்று. ஆயினும், அந்தக் கச்சேரியைக் கட்டிக் காத்த அரசாங்கத்தின் வருமானத்தில் தேயிலைக்கு எத்துணைப் பங்கு இருந்தது என்பதை எண்ணும்போது, அவ்விடை முழுமையானது என்று கொள்வதற்கில்லை.

கைம்பெண்ணைப் பற்றிப் பேசிய இன்னொரு சட்டம் அதற்கும் முற்பட்டது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் என்பது அது. வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. கண்டியச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர்க்குரிய தனிச் சட்டங்கள் உண்டு. இவற்றுள் எதற்கும் உட்படாதாருக்கு 1876ஆம் ஆண்டுச் சட்டமே பொதுச்சட்டம். தமிழகத்திலிருந்து வந்து மலைநாட்டில் குடியேறிய தமிழர் அதன்கீழ் வருவர். மரணசாசனம் எழுதாமல் கணவன் இறந்தால் அவன் சொத்தில் சரிபாதி மனைவிக்கு என்று அது விதித்தது. மக்களுள்ள குடும்பத்திலும் கைம்பெண்ணுக்கு ஒரு பங்கு என்று இந்தியாவில் சட்டம் வகுத்தது 1937இல். அதுவும் ஆயுட்காலத்துக்கு மட்டுப்பட்ட பங்கு. முழு உரிமை 1956இல்தான் கிடைத்தது. ஆக, தஞ்சாவூர் மிராசுதாரின் வீட்டில் எட்டாதிருந்த ஓர் உரிமை, ஹற்றன் லயத்தில் வாழ்ந்த கூலிப் பெண்ணுக்கு அறுபது ஆண்டுகட்கு முன்னரே ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. சொத்தில் பாதிக்கு உரியவள் அவள்.

எதில் பாதி? குடியிருந்த காம்பரா தோட்டத்தினுடையது. அதன் பின்புறத்தில் மரக்கறிப் பாத்தி போட்ட துண்டு நிலமும் தோட்டத்தினுடையது. அண்டா குண்டான்களையும் கம்பளியையும் நீக்கினால், கணவன் அவளுக்கு விட்டுச்சென்றது பெரும்பாலும் கங்காணியின் பேரேட்டில் நின்ற கடன். மலைநாட்டுக் கைம்பெண்ணின் வரலாறு அந்த வெறும் பாதியில் ஏதேனும் ஒன்று வந்து நிரம்பியதா என்னும் வரலாறே.

அந்தக் கடன் தமிழகத்துக் கிராமத்திலேயே தொடங்கிவிடும். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். வழிச்செலவுக்கும் ஊர்க் கடனைத் தீர்ப்பதற்கும் கங்காணி முன்பணம் கொடுப்பார். மன்னாரில் இறங்கி, வரண்ட காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தவர்களை வாந்திபேதியும் காய்ச்சலும் வாரிக்கொண்டன. மலையைக் காணுமுன்னரே, அந்தப் பாதையிலேயே கைம்பெண்ணானோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியைத் தின்றது. பயிர் மாறியது, கங்காணியின் பேரேடு மாறவில்லை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கும் கைகள் வேண்டியிருந்தமையால், பெண்ணின் உழைப்பு முன்னினும் இன்றியமையாததாயிற்று என்பதே பெரிய மாற்றம்.

தோட்டத்துத் 'துண்டு' முறை இங்கே விளக்கத்தக்கது. ஒரு குழுவினருக்கு இவ்வளவு கடன் உண்டு, அதனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டத்துரை அந்தத் தொகையைச் செலுத்துவார். கடன் அவர் தோட்டத்துக் கணக்கில் ஏறும். ஆட்களும் அதனோடு போவர். இவ்வாறு கடன் ஆளைவிட்டுப் பிரியாத பொருளாயிற்று. ஆள் இறந்தாலும் அது இறப்பதில்லை. இறந்தவனுடைய கடனை மனைவி மக்களின் கணக்கில் ஏற்றும் வழக்கம் இருந்தது. சட்டமோ சொத்தில் பாதி என்றது. பேரேடு கடன் முழுவதையும் கொடுத்தது. 1917இல் சென்னை அரசாங்கத்தின் சார்பில் வந்து ஆராய்ந்த மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் தொழிலாளரின் கடன்பளுவைத் தம் அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டினர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கங்காணி முற்றும் கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. கணவனை இழந்தவள் ஊர் திரும்பினால் அவருக்கு நட்டம். ஆகவே அவளைத் தம் குழுவில் நிறுத்திக்கொள்ள அவர் முயன்றார். சில வேளைகளில் அது பாதுகாப்பு. சில வேளைகளில் அது சிறை. இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது அவளுக்கே கடினமாக இருந்திருக்கும்.

பழந்தமிழ் நூல்கள் கைம்மை நோன்பைக் கடுமையானதாகச் சித்திரிக்கின்றன. வேளைக்கீரை உணவையும் பரற்கல் உறுத்தும் படுக்கையையும் விடத் தீயே மேல் என்று புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி தீர்மானிக்கிறாள். தோட்டத்துக் கைம்பெண் தாலியைக் களைந்தாள், மங்கல வைபவங்களில் பின்னால் ஒதுங்கி நின்றாள், ஒப்பாரியும் வைத்தாள். ஆனால், நீண்ட நோன்புக்கு அங்கே நேரமில்லை. வைகறையில் பெரட்டுத் தப்பு முழங்கியதும் கூடையை எடுத்துக்கொண்டு பனியில் நிற்க வேண்டும். அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள சாதியினர் பலர் தோட்டங்களில் இருந்தமையால், மறுமணம் அங்கே சீர்திருத்தவாதிகளின் பிரசாரத்துக்குக் காத்திருக்கவில்லை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவையருக்கு இல்லம் அமைத்து, கல்வி புகட்டி, அவர்களை வேலைக்கு அனுப்பப் போராடிய அதே காலத்தில், மலைநாட்டுக் கைம்பெண் எவருடைய அனுமதியுமின்றி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை அவளுக்கு விடுதலையாக வரவில்லை என்பதுதான் வேறுபாடு. மனைவியின் கூலியைக் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களிற் பரவியிருந்தது. ஆகவே, தன் கூலியைத் தன் கையில் வாங்கும் நிலை பெண்கள் பலருக்குக் கைம்மைக்குப் பின்னரே வாய்த்தது. இதை நன்மை என்று சொல்ல நா எழாது. ஆனால் நிகழ்ந்தது இது.

தோட்டத்தின் செக்ரோலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அன்று வேலை செய்தாளா, அரைப்பேரா முழுப்பேரா, எத்தனை இறாத்தல் கொழுந்து என்பன அதில் எழுதப்படும். அவள் விதவை என்பதை எழுத அதில் இடமில்லை. தொழிலாளியாக அவள் எண்ணப்பட்டாள், விதவையாக எண்ணப்படவில்லை. உடல் ஓயும்வரை இந்தக் கணக்கில் குறை தோன்றாது. ஓய்ந்தபின் தோன்றும்.

விதவையாகவும் அவளை எண்ணிய ஓரிடம் உண்டு. 1923ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச்சட்டத்தின்பின் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்தார். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் குறைந்தபட்ச வேதனத்துக்கு வழி செய்தது. உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என 1929இல் வேதனம் நடைமுறைக்கு வந்தது. அதனோடு ஆண் தொழிலாளிக்கு மாதம் எட்டில் ஒரு புசல் அரிசி இலவசமாக வழங்கப்பட்டது. அந்த இலவச அரிசிக்கு உரியவர் வரிசையில், வேலை செய்யாத குழந்தையுடைய கைம்பெண்ணும் சேர்க்கப்பட்டாள். எட்டில் ஒரு புசல் என்பது நான்கு கொத்து. ஒரு தாயும் இரு குழந்தைகளும் அதனை எத்தனை நாள் உண்பர் என்பதைக் கேட்போரே கணக்கிட்டுக்கொள்ளலாம். எனினும், தோட்டத்து ஒழுங்குமுறைகளுள் கைம்பெண்ணைக் கைம்பெண் என்றே கண்டு ஏதேனும் கொடுத்தது இந்த நான்கு கொத்து அரிசி. அந்த வேதனமும் 1930களின் பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்டது. ஆதரவற்றோருக்கும் நோயாளருக்கும் அந்நாளில் இருந்த மற்றோர் உதவி, அவர்களைத் தலைமன்னார் வழியாகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவது. உதவி என்பது ஒரு பயணச் சீட்டு. அக்கரையில் அவளை எதிர்கொள்ள எவர் இருந்தனர் என்பது சீட்டில் எழுதப்படுவதில்லை.

இக்காலத்தில் மலைநாட்டுப் பெண்களின் குறைகளைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் மீனாட்சியம்மாள் முதன்மையானவர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். தாமே பாடல்களை இயற்றித் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். பெண்ணின் நிலை குறித்துப் பத்திரிகையில் எழுதினார். எழுத்தறியாத மக்களிடம் செல்லும் செய்தி காதின் வழியேதான் செல்லும் என்பதை அவ்வம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

1940 சனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டான். நிகழ்ந்ததை ஆராய ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் விதவைக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தோட்டத்துறையின் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்நிகழ்ச்சியை விடுவதில்லை; கோவிந்தன் பெயர் மலையகமெங்கும் நினைக்கப்படுகிறது. அவளோ வரலாற்றேடுகளில் 'கோவிந்தனின் விதவை' என்றே வழங்கப்படுகிறாள். அதிகாரத்தை நோக்கி ஒரு கேள்வி கேட்பதற்குச் சட்டத்தில் இடம் தேவைப்பட்டபோது, அந்த இடத்தைக் கொடுத்தது அவளுடைய கைம்மை என்பதை மறத்தல் கூடாது.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையின் காரணமாக விபத்தில் இறந்தவனின் மனைவிக்கும் மக்களுக்கும் ஒரு தொகை கொடுத்தது. தொழிற்சாலை இயந்திரத்திற் சிக்கியவனும் மலையிற் சறுக்கி விழுந்தவனும் இதில் அடங்குவர். நெஞ்சுச்சளியால் இறந்தவனும் சாராயத்தால் இறந்தவனும் அடங்கார். தோட்டங்களில் கைம்பெண்களை உண்டாக்கியவை பெரும்பாலும் பிந்தியவையே. பிரித்தானியாவில் 1925ஆம் ஆண்டுச் சட்டம், காப்புறுதி பெற்ற தொழிலாளி எக்காரணத்தால் இறப்பினும் அவன் விதவைக்கு வாரம் 10 சிலிங் உரியது என்றது. லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் கைம்பெண் அந்தப் பணத்தில் தேயிலை வாங்கினாள். அத்தேயிலையைக் கிள்ளியவளுக்கு அத்தகைய சட்டம் இல்லை.

பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1947இல் வெளிவந்தது. 1948இல் சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. ஆதரவற்ற கைம்பெண்ணுக்கு அரசாங்கமே மாதம் ஒரு தொகை கொடுக்கும் பொதுசன உதவிப்பணம் அதன் பொறுப்பிலாயிற்று. பேச்சுவழக்கில் அதனைப் 'பிச்சைச் சம்பளம்' என்பர். வாங்குவோரின் மனத்தைப் புண்படுத்தும் பெயர். தோட்டத்து மக்களைத் தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தமையால், அப்பெயருக்கு உரிய பணமும் அவர்களை எளிதில் எட்டவில்லை.

அந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுக்கு ஒரு வழி திறந்தது. மணமானவர் 1946க்கு முன் தொடர்ந்து 7 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். மணமாகாதவரும் துணையை இழந்தவரும் 10 ஆண்டுகள் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். கணவன் உயிரோடிருந்தால் 7, இறந்துவிட்டால் 10! கைம்பெண்ணின் வேர் இம்மண்ணில் ஆழமற்றது என்று சட்டம் எழுதியோர் கருதினர் போலும். துணைவனைப் புதைத்த மண்ணைவிட ஒருத்திக்கு எந்த மண் நெருக்கமானது என்று அவர்கள் எண்ணவில்லை. இச்சட்டத்தின்கீழ் விண்ணப்பங்களில் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேர்; பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். புறப்பட்ட புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். மூத்த மகன் இந்தியக் கடவுச்சீட்டோடும் இளைய மகன் இலங்கைப் பிரசையாகவும் நின்ற வீடுகளில், கணவனை இழந்த தாய் எந்த மகனோடு இருப்பது என்பதைத் தீர்மானித்தது அவள் விருப்பமன்று, விண்ணப்பப் படிவம். நாடற்ற நிலை நீங்க 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வரவேண்டியிருந்தது.

வெறும் பாதியில் முதன்முறையாகப் பணம் விழுந்தது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தால். இந்நாளில் தொழிலாளி நூற்றுக்கு 8, தோட்டம் நூற்றுக்கு 12 என்று சேர்க்கும் அத்தொகை, அவன் இறந்தால் அவன் நியமித்தவருக்கோ உரித்தாளருக்கோ சேரும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டமும், சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் வேதனம் என்று நாட்கூலித் தொழிலாளிக்கு வகுத்த 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் அதனோடு சேர்ந்தன. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேதனம் சமமாயிற்று. கைம்பெண்ணின் குடும்பம் ஆண் கூலியில்லாத குடும்பம் ஆகையால், அவளுக்கு இது பிறரினும் பெரிய சீர்திருத்தம். ஆயினும், சேமலாப நிதி ஒருமுறை வரும் தொகையே; மாதந்தோறும் வரும் ஓய்வூதியமன்று. மகளின் திருமணத்திலோ பழைய கடனிலோ அது கரைந்தபின், முதியவள் கைக்காசுக் கொழுந்தெடுக்கவோ விறகு பொறுக்கவோ பேரக்குழந்தையைப் பார்க்கவோ போகிறாள்.

அவள் இரவில் உறங்கும் இடமும் நோக்கத்தக்கது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மகனும் மருமகளும் பிள்ளைகளும் இருப்பர். முன்பக்கத்து இஸ்தோப்பைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து அவளுக்குப் படுக்கை ஒதுக்குவர். மழைக்காலத்தில் ஹற்றன் பகுதியின் ஈரம் அந்தத் தகரத்தின் இடுக்குகளால் உள்ளே வரும். பீலித் தண்ணீரும் பாதையும் பிரதேச சபையின் பொறுப்பாவதற்கும் நெடுங்காலமாயிற்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களில் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்து, 2018இலேயே திருத்தப்பட்டது. 1995இல் தொடங்கிய சமுர்த்தி உதவியும், மாதக் கூலி பெறுவோர் என்ற காரணத்தால், தோட்டங்களுக்குள் தயங்கியே நுழைந்தது. 2023இல் அதன் இடத்துக்கு அஸ்வெசும வந்தது.

இவை யாவற்றையும் பெறுவதற்கு அவளிடம் காகிதம் இருத்தல் வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர், மகனின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர் என்று, எழுதியவர் காதிற் பட்டவாறு அவள் பெயர் திரிந்திருக்கும். கோவிலில் தாலி கட்டி நாற்பது ஆண்டு வாழ்ந்திருப்பாள். பதிவுச் சான்றிதழ் இராது. பதிவு செய்யப்படாத மணம் செல்லாத மணமன்று. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச்சட்டம் பதிவேட்டைத் தலைசிறந்த சான்று என்கிறதேயன்றி, ஒரே சான்று என்று கூறவில்லை. வழக்கமுறைப்படி நிகழ்ந்த மணத்தை நீதிமன்றங்கள் ஏற்றும் உள்ளன. ஆனால், சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும் கைம்பெண் நீதிமன்றத்துக்கு முன் அலுவலகத்துக்குப் போகிறாள். அங்கே கேட்கப்படுவது சான்றிதழ். கணவன் உயிரோடிருக்கையில் நியமனப் படிவத்தில் மனைவியின் பெயரைச் சரியாக எழுதிவைத்த வீடுகளில் இத்தொல்லை பெரிதும் இல்லை.

பெயர் எழுதும் வேலை இன்று வீட்டு உறுதிக்கும் வந்துள்ளது. தோட்டங்களில் தனிவீடு கட்டும் திட்டங்கள் நடைபெற்று வருகின்றன. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தில் எவருக்கும் உறுதி இல்லாதிருந்தமையால், யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளில் எழவேயில்லை. உறுதி கணவன் பெயரில் மட்டும் இருந்து அவன் மரணசாசனமின்றி இறந்தால், 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மக்களுக்குப் பாதி. உறுதி இருவர் பெயரிலும் சமமாக இருந்தால், ஒரு பாதி முன்னரே அவளுடையது. கணவனின் பாதியிலும் சரிபாதி அவளைச் சேரும். அப்போது அந்த வீட்டில் முக்கால் பங்கு அவளுக்கு.